கோச்சி ஊரைத் தாண்டிப் போகிறது, ஊருக்கு வருவதில்லை

 

ஜப்பானில் ஒரேயொரு மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருந்தார்களாம் என்ற பதிவு மறுபடியும் சுற்றுகிறது. உயிலங்குளத்துப் பிள்ளைகளும் எனக்கு அனுப்புகிறார்கள், கண்ணீர் இமோஜியோடு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ஹொக்கைடோவின் கியூ-ஷிராதாகி நிலையம். பயணிகள் குறைந்ததால் 2016 மார்ச்சில் மூடினார்கள். அங்கே கல்வியாண்டு முடிவதும் மார்ச்சில்தான். "அவளுக்காக மட்டும்" என்பது முகநூல் சேர்த்த மசாலா. ஆனால் காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு அங்கே ஒரு ரயில் நின்றது. பின்னேரம் திரும்பி வரவும் ரயில் இருந்தது. நாம் பார்க்க வேண்டியது அந்தக் கால அட்டவணையைத்தான்.

இப்போது நம் பாதைக்கு வருவோம். மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், திருக்கேதீஸ்வரம், மன்னார், பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை சுமார் 106 கிலோமீற்றர். 1914இல் வெள்ளைக்காரன் போட்டான். யாருக்காக? இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் தபாலுக்கும், தேயிலைத் தோட்டத்துக்கு இறக்கிய கூலி உழைப்புக்கும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 80களில் கப்பலும் நின்றது. 1990இல் யுத்தம் பாதையையே மூடியது. அதே வருடம் ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டோம்.

இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் போட்டது. 2013இல் மடு வீதி வரை. 2015 மார்ச் 14இல் தலைமன்னார் வரை. பிரதமர் மோடியே வந்து கொடியசைத்தார். நல்ல விஷயம். அந்தக் கடனைக் கட்டுவதில் நம் வரியும் இருக்கிறது.

ஆனால் கால அட்டவணையைப் பாருங்கள். எல்லாம் கொழும்புக் கணக்கு. இரவு கோட்டையில் ஏறினால் விடியற்காலையில் மன்னாரில் இறங்கலாம். 7.30க்கு மன்னார் டவுனில் வகுப்பில் இருக்கவேண்டிய உயிலங்குளத்துப் பிள்ளைக்கு? கிளினிக் துண்டோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் உம்மாவுக்கு? கந்தோருக்குப் போகிறவருக்கு? பஸ்ஸில் தொங்குவதுதான் வழி.

"ஆக்கள் ஏறமாட்டார்கள், நட்டம்" என்று சொல்வார்கள். தேவையான நேரத்துக்கு ஓடாத கோச்சியில் யார் ஏறுவது? மன்னார் – மதவாச்சி வீதி எத்தனை ரூபா லாபம் தந்தது என்று யாராவது கேட்டார்களா? வீதி சேவை, தண்டவாளம் மட்டும் வியாபாரமா?

ஜப்பானிலும் கிராமப் பாதைகள் நட்டம்தான். தேசிய ரயில்வே கைவிட்ட பாதைகளை மாகாணமும் ஊராட்சிகளும் பங்கு போட்டு எடுத்து நடத்தின. சன்ரிகு ரயில்வே அப்படி 1984இல் ஓடத் தொடங்கியது. 2011 மார்ச் 11 சுனாமி அதன் பாதையைப் பிய்த்தெறிந்தது. ஐந்தாம் நாளே, மிஞ்சிய ஒரு துண்டில், ரயிலை இலவசமாக ஓடவிட்டார்கள். முழுப் பாதையும் 2014 ஏப்ரலில் திறந்தது. ஊர் பங்காளியாக இருந்ததால் ஊரின் அவசரம் அவர்களுக்கு விளங்கியது.

நாம் புல்லட் ரயில் கேட்கவில்லை. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு பொருத்திய ரயில் பஸ்ஸை நம் ரயில்வே திணைக்களமே ஓட்டியிருக்கிறது. அதில் ஒன்று போதும்.

கேட்பது மூன்று:

1. பாடசாலை நாட்களில் மடு வீதியிலிருந்து 7 மணிக்குள் மன்னார் சேரும் ஒரு சேவை; 2 மணிக்குப் பிறகு திரும்பும் சேவை.
2. அது உயிலங்குளத்து ஆக்கள் நடந்துபோய் ஏறக்கூடிய இடத்தில் நிற்கவேண்டும்.
3. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பாடசாலைகளையும் ஆஸ்பத்திரியையும் கேட்டு நேரம் போடவேண்டும்.

வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். கோயில், சேர்ச், பள்ளிவாசல் என்று பிரிந்து கேட்டால் நடக்காது. ஒரே மனுவாகப் போகட்டும். ஜப்பான் பிள்ளைக்கு இமோஜி போட்டவர்கள் இதிலும் கையெழுத்துப் போடுங்கள்.