தாடைப்பட்டைக்குத் தயக்கம் ஏன்?



ஒருவர் காலமானதும், வாய் திறந்தபடி நின்றுவிடாதிருக்கத் தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டுவது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் முறை. ஆகவே, நல்ல நிலையில் நடமாடும் குடும்பத் தலைவர் இரவில் படுக்கும்போது தாடையின் கீழ் ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டால் வீட்டார் திடுக்கிடுவதில் வியப்பில்லை. "மய்யித்துக்குக் கட்டுவதைப் போல இது என்ன கோலம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. அச்சொல்லுக்கு அஞ்சி, மருத்துவர் தந்த பட்டையை அலமாரியில் போட்டுவிடுவோர் இருக்கின்றனர். அந்தப் பட்டை எதற்காக, யாருக்காக, யாருக்கு ஆகாது என்பதை இம்மாதம் தெளிவாகக் காண்போம்.

உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்ந்து, மூச்சு செல்லும் வழி அடைபட்டு, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுவதை 'ஸ்லீப் அப்னியா' என்கின்றனர். பெருங்குறட்டை, இடையில் திடீர் அமைதி, பின்னர் திணறி எழும் ஓசை: இவை அதன் அடையாளங்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைபடுவதும் குறைவதும் 5 முறைக்கு மேற்பட்டால் அது நோய். 15க்கு மேல் நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான கணிப்பு, வயது வந்தோருள் சுமார் 11 விழுக்காட்டினருக்கு இத்தொல்லை உண்டென்கிறது. இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்புண்டு. பழைய மகாபலிபுரம் சாலையிலும் மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் சாலையிலும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் பகலில் ஒரு நொடி கண்ணயர்ந்தால் விளைவது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இதற்கான தலையாய சிகிச்சை 'சி-பேப்' கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் ஐந்து நோயாளிகளுக்கு இதனைப் பயன்படுத்தி, 1981இல் 'லான்செட்' இதழில் அறிவித்தனர். மூக்கின்மேல் பொருத்திய மாஸ்க் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்று இடையறாது செல்லும். அக்காற்றே தொண்டையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் தாங்கி நிற்கும். மருந்தில்லை, கத்தியில்லை, காற்றே முட்டுக்கால்.

தொல்லை தொடங்குவது வாயில். உறக்கம் ஆழ்ந்ததும் தாடை தளர்ந்து வாய் திறந்துகொண்டால், மூக்கு வழியே சென்ற காற்று தொண்டையைத் தாங்காமல் வாய் வழியே வெளியேறிவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் நிறைவதெங்ஙனம்? தொண்டையில் அழுத்தம் குறைகிறது, மூச்சுத்தடை திரும்புகிறது, விடியலில் நாவு உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது. "கருவி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிடுவோர் பலருக்கு உண்மையான காரணம் இந்தக் கசிவுதான். கருவி தன் நினைவில் கசிவின் அளவைப் பதிந்து வைத்திருக்கும்; மருத்துவரிடம் அதனைக் காட்டினால் ஐயம் தீர்ந்துவிடும்.

இக்கசிவைக் குறைக்க உதவுவதே 'சின் ஸ்ட்ராப்' எனப்படும் தாடைப்பட்டை. தாடையின் கீழிருந்து உச்சந்தலை வரை சென்று, கீழ்த்தாடை தொங்கிவிடாமல் ஏந்திப் பிடிக்கும். ஏந்திப் பிடிப்பது வேறு, இறுக்கிக் கட்டுவது வேறு. பட்டை அணிந்த நிலையிலும் முயன்றால் வாயைத் திறக்க இயல வேண்டும். மிகவும் இறுக்கினால் தாடை பின்னுக்குத் தள்ளப்பட்டு மூச்சுவழி மேலும் குறுகலாம். காதருகே தாடை மூட்டும் நோகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருவியின்றித் தாடைப்பட்டை மட்டும் அணிந்தால் குறட்டையும் மூச்சுத்தடையும் நீங்குமெனச் சில விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. 2014இல் அமெரிக்க உறக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, பட்டை மட்டும் அணிந்தவர்களுக்கு மூச்சுத்தடை குறையவில்லை எனக் கண்டது. பட்டை துணைவனேயன்றித் தலைவனன்று. வாயைப் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொள்ளும் புதுப்பழக்கத்தையும் மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ளற்க.

வாய் திறப்பதற்கு மூக்கடைப்பே காரணமாயிருப்பின், பட்டையால் வாயை மூடுவது இருக்கும் ஒரு வாசலையும் அடைப்பதாகும். ஒவ்வாமைச் சளி, வளைந்த மூக்குத்தண்டு ஆகியவற்றுக்கு முதலில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். குமட்டல், வாந்தி உள்ளவர்களும், உறக்க மாத்திரையால் அயர்ந்து கிடப்பவர்களும், தம் கையால் பட்டையைக் கழற்ற இயலாத முதியோரும் இதனை அணியலாகாது. இத்தகையோருக்கு எம்முறை ஏற்றதென்பதை மருத்துவரே முடிவு செய்வார். வாயும் மூக்கும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க், காற்றழுத்தத்தை மாற்றியமைத்தல், காற்றுக்கு ஈரமூட்டும் 'ஹியூமிடிஃபையர்' எனப் பிற வழிகளும் உள்ளன.

தாடி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இப்பட்டை தனிப் பயனுடையது. பெரிய மாஸ்க்கின் விளிம்பு தாடியின்மேல் சரியாகப் படியாமல் காற்று கசியும். அதற்காகத் தாடியை எடுக்க வேண்டுமோ என்று கலங்கத் தேவையில்லை. மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறு மாஸ்க்கும், முகவாய் அமரும் குழிவுள்ள பட்டையும் சேர்ந்தால் பலருக்குக் காரியம் கைகூடும்.

நோன்புக் காலத்தில் உறக்கம் இரண்டாக, மூன்றாகப் பிரிகிறது. தராவீஹுக்குப் பின் சிறிது, பஜ்ருக்குப் பின் சிறிது, பகலில் சிறிது என உறங்குவோர் ஒவ்வொரு முறையும் கருவியை அணிய வேண்டும். இரவில் வாய் வழியே காற்று கசிந்தால் சஹருக்கு எழும்போதே தாகம் வாட்டும். கசிவை அடைத்தால் அத்துன்பம் குறையும். நோன்பு வைத்த நிலையில் நீராவி கலந்த காற்றைச் சுவாசிக்கலாமா என்ற ஐயம் எழுந்தால் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

பெரும்பாக்கம் வட்டாரத்தில் வாழ்வோர் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒன்று நீர். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரையோ லாரித் தண்ணீரையோ ஹியூமிடிஃபையரில் ஊற்றினால் உப்புப் படியும். மருந்துக்கடையில் கிடைக்கும் வாலை வடிநீரை ஊற்றி, நாள்தோறும் மாற்றுக. வியர்வையூறும் ஊரில் பட்டையையும் அவ்வப்போது மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினால்தான் சொறி வாராது.

மற்றொன்று மின்சாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் வெள்ளத்தில் மிதந்து, பல தெருக்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். கருவி நின்றுவிட்டால் மூக்கு மாஸ்க் வழியே புதுக்காற்று போதிய அளவு வாராது. அவ்வேளையில் தாராளமாகத் திறக்க வேண்டிய வாயைப் பட்டை தடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மின்சாரம் நின்றால் மாஸ்க்கையும் பட்டையையும் உடனே கழற்றிவிட வேண்டும் என்பதை நோயாளி மட்டுமன்று, அவர் அருகில் உறங்குபவரும் அறிந்திருக்க வேண்டும். கருவியை இன்வெர்ட்டரோடு இணைத்து வைப்பது நலம். அதுவும் இல்லாத இரவில் ஒருக்களித்து, தலையைச் சற்றே உயர்த்திப் படுக்கலாம்.

தென்சென்னைப் புறநகருக்கு மூச்சு நோய் புதிதன்று. தாம்பரம் சானடோரியம் காசநோயாளிகளுக்காக 1928இல் எழுந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோயைச் சொல்லவே நாணி மறைத்த காலம் ஒன்றிருந்தது; அம்மறைப்பால் மாண்டோர் பலர். அந்நாணத்தை ஒரு பட்டையின் பொருட்டு மீண்டும் வளர்க்க வேண்டா.

சகோதரிகளே, கணவரோ வாப்பாவோ தாடையில் பட்டையோடு படுத்திருக்கக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். பட்டை முறுக்கியிருந்தால் நேராக்கிவிடுங்கள். மய்யித்தின் தாடையைக் கட்டுவது அவருக்கு நாம் செய்யும் இறுதி மரியாதை. இதுவோ, அவர் பஜ்ருக்குத் தெளிந்த கண்களோடு எழுந்து வருவதற்காகச் செய்யும் ஏற்பாடு. அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.