கண்டியின் பெயரில் ஒரு கண்டனம்

ஓர் ஊரின் பெயருக்கு என்ன விலை? லங்கா பிரீமியர் லீக் இருபதுக்கு இருபது சுற்றுத்தொடரைக் கவனித்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது. 2020இல் கண்டி டஸ்கர்ஸ். 2021இல் கண்டி வொரியர்ஸ். 2022இல் கண்டி ஃபால்கன்ஸ். 2023இல் பி-லவ் கண்டி. 2024இல் மறுபடியும் ஃபால்கன்ஸ். யானை போய்ப் போர்வீரன் வந்தான். அவன் போய் வல்லூறு வந்தது. பின்னர் ஒரு வணிகப் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்து ஆண்டுகளில் நான்கு பெயர்கள். இவ்வளவு மாற்றத்திலும் மாறாமல் நின்றது 'கண்டி' என்ற மூன்றெழுத்து மட்டுமே. அதற்குத்தான் சந்தையில் மதிப்பு. அந்த மூன்றெழுத்தை இரவல் கொடுத்த ஊருக்குக் கிடைத்தது என்ன என்பதே என் கேள்வி.

2020 ஒக்டோபரில் வீரர்கள் தெரிவு நடந்தபோது கண்டிக்கு வாய்த்த நட்சத்திரம் கிறிஸ் கெயில். சுவரொட்டிக்கு ஏற்ற முகம், சிக்ஸர்களின் சக்கரவர்த்தி. வயது 41. நம் இரசிகர்கள் மகிழ்ச்சியில் மிதந்தார்கள். நவம்பர் 26ஆம் திகதி தொடர் ஆரம்பமாக ஏறத்தாழ ஒரு வாரமே எஞ்சியிருந்தபோது, அவர் வரமாட்டார் என்ற செய்தி வந்தது. அதே வேளையில் இங்கிலாந்தின் லியம் பிளங்கெட்டும் விலகிக்கொண்டார். கெயில்மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை. கொரோனாக் காலத்தில் பயணத்துக்கு அஞ்சவும், உடல்நிலை கருதி ஓய்வு கொள்ளவும் எவருக்கும் உரிமை உண்டு. என் வழக்கு அவரை நம்பி ஓர் அணியையே கட்டிவிடலாம் என்று எண்ணியவர்கள் மீது.

அணியில் சேர்க்கப்பட்ட மற்ற வெளிநாட்டு வீரர்களையும் பாருங்கள். இர்பான் பதான் அதே ஆண்டு ஜனவரியில்தான் ஓய்வை அறிவித்திருந்தார். முனாஃப் பட்டேல் 2018இலேயே ஓய்வு பெற்றவர். 2006இல் கராச்சி டெஸ்டின் முதல் ஓவரிலேயே ஹட்ரிக் சாதித்தவர் பதான். 2011இல் உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர் முனாஃப். இருவரது திறமைக்கும் தலை வணங்குகிறேன். ஆயினும் 36, 37 வயதில், ஆட்டத்தைவிட்டு விலகியவர்களை அழைத்து வந்து இளைஞர்களின் ஆட்டத்தில் நிறுத்துவது அணித்தெரிவா? பழைய புகழை வாடகைக்கு எடுப்பதா?

விளைவு நாம் அறிந்ததே. முதல் ஆட்டத்தில் குசல் பெரேராவின் அதிரடியில் கண்டி 219 ஓட்டங்களைக் குவித்தது. கொழும்பும் அதே 219ஐ எட்டியது. சூப்பர் ஓவரில் தோற்றோம். அங்கிருந்து சரிவுதான். எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள்; ஐந்து அணிகளில் கடைசி இடம். நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில் நடந்தன. எனவே கண்டி இரசிகன் பல்லேகலவில் தன் அணியையும் காணவில்லை. தன் நட்சத்திரத்தைத் தொலைக்காட்சியிலும் காணவில்லை. 2021இலும் கடைசி இடமே கிடைத்தது.

இதைவிட வியப்பான இன்னொரு கணக்கு உண்டு. நிரோஷன் டிக்வெல்ல கண்டியில் பிறந்தவர். குமார் சங்கக்காரவை உருவாக்கிய அதே திரித்துவக் கல்லூரியில் படித்தவர். தேசிய அணியின் விக்கெட் காப்பாளராக நெடுநாள் ஆடியவர். முதல் ஐந்து சுற்றுத்தொடர்களிலும் அவர் ஆடிய அணிகள் எவை? தம்புள்ளை, தம்புள்ளை, கொழும்பு, கொழும்பு, காலி. சொந்த ஊரின் பெயரை நெஞ்சில் தாங்கிய சட்டை மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. 'தெரிவு முறை அப்படி' என்பார்கள். முறையை வகுத்தவர்கள் வானத்திலிருந்து வந்தவர்களா? 2008இல் இந்தியன் பிரீமியர் லீக் ஆரம்பமானபோது, ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்து வீரர்கள் சிலரைக் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்று விதி வகுத்தார்கள். மனமிருந்தால் விதி பிறக்கும்.

யாழ்ப்பாணத்து அணியையும் குறையின்றிப் பாராட்ட முடியாது. 2020இல் கிண்ணத்தை வென்ற அந்த அணியில் வடக்கின் இளைஞர்கள் நால்வர் சேர்க்கப்பட்டனர்; களமிறங்கியவர் ஒருவரே. ஆனால் அந்த ஒருவர் யார்? யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். தம் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள் அறிமுகமாகி, அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை வீழ்த்தினார். 2024இல் ஐதராபாத் அணியில் காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக அழைக்கப்பட்டு, இந்தியன் பிரீமியர் லீக்கிலும் ஆடினார். ஒரேயோர் ஆசனம் ஓர் இளைஞனின் வாழ்வை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது, பாருங்கள்.

கண்டியில் அந்த ஓர் ஆசனம் யாருக்குப் போகவேண்டும்? முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர். பேரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளனாக இருந்தான். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொல்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினான். 800 டெஸ்ட் விக்கெட்டுகள் அங்கிருந்து வந்தவையே. தந்தையாருக்குப் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. பையனுக்கு நகரத்துப் பெரிய பாடசாலை கிடைத்தது. ஹந்தானையிலும் புசல்லாவையிலும் லயன் அறைகளுக்கு முன்னால் மென்பந்து ஆடும் பிள்ளைக்கு அந்த வாசல் எங்கே? கடினப்பந்தைத் தொடும் முன்பே அவனுடைய ஆட்டக்காலம் முடிந்துவிடுகிறது. பெருங்கனவு விற்கும் அணி, அவனைத் தேடி ஒருநாள் மலையேறினால் என்ன?

இங்கே ஒரு மறுப்பு வரும். ஹசரங்கவைத் தலைவராகக் கொண்டு 2023இல் கண்டி கிண்ணத்தை வென்றதே. காலியில் பிறந்தவர்தானே தொடரின் அதிக ஓட்டங்களையும் அதிக விக்கெட்டுகளையும் பெற்றுத் தந்தார் என்பார்கள். உண்மை. அந்த வெற்றியில் நானும் மகிழ்ந்தேன். வெளியூரார் வேண்டாம் என்பது என் கட்சியன்று. ராஞ்சியிலிருந்து வந்த தோனியைச் சென்னை 'தல' என்று கொண்டாடுகிறது. வந்தார், ஆடினார், ஆண்டாண்டாய் நிலைத்தார், அவர்களுடையவரானார். ஆனால் ஹசரங்கவின் வெற்றி கண்டிக்கு விட்டுச்சென்ற சொத்து எது? அடுத்த ஆண்டே அணியின் பெயர்கூட மாறிவிட்டது. வெற்றி வந்த வழியே போய்விட, வீரன் ஒருவனும் முளைக்கவில்லை.

உதைபந்தாட்ட உலகம் இதை நமக்கு முன்பே கற்றுக்கொண்டது. 1967இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற செல்டிக் அணியின் பதினொருவரும் கிளாஸ்கோவின் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோ, பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையும் அங்கே பயிற்சி பெற்றவர்களையும் மட்டுமே சேர்க்கும் கழகம். அது ஒருமுறைகூட முதற்பிரிவிலிருந்து தரமிறங்கியதில்லை. கோடிகள் புரளும் ஐரோப்பியக் கழகப் போட்டிகளிலேயே 25 பேர் கொண்ட பட்டியலில் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயிற்றுவிக்கப்பட்டவர்களுக்கு உரியவை. ஊர்ப்பற்று வியாபாரத்துக்குப் பகை என்று யார் சொன்னது?

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஊரின் பெயரைச் சூடும் எந்த அணியும், அந்த மாகாணத்தின் 23 வயதுக்குட்பட்ட ஒருவரை ஒவ்வோர் ஆட்டத்திலும் களமிறக்கவேண்டும். குடிநீர்ப் போத்தல் சுமப்பதற்கு அன்று. பந்து வீச, துடுப்பெடுத்தாட. பதினொன்றில் ஒன்று. அதுவும் இயலாது என்றால் அவர்கள் எந்தப் பெயரிலேனும் ஆடட்டும். விலங்கின் பெயரோ பறவையின் பெயரோ ஏராளமாக உண்டு. கண்டி என்ற பெயரை மட்டும் கண்டியிடம் திருப்பித் தந்துவிடட்டும்.