உயரம் மட்டும் போதுமா?

7 அடி 2 அங்குலம். எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டும். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன் சத்னாம் சிங்குக்கு அந்த உயரம்தான் அடையாளம். 14 வயதில் கூடைப்பந்து பயில அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார். 2015 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்குக்குத் தேர்வான முதல் இந்தியர்!

ஆனால், அந்த லீக்கில் அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

ஏன் இப்படி ஆகிறது?

முதல் காரணம், ஆட்டமே மாறிவிடுவது. அதே 2015 ஜூனில் கோப்பையை வென்றது ஸ்டீஃபன் கரியின் கோல்டன் ஸ்டேட் அணி. தூரத்தில் நின்று எறிந்தே மூன்று மூன்று புள்ளிகளாகக் குவித்த அணி அது. கூடைக்கு அடியிலேயே நிற்கும் நெட்டை வீரர்களுக்கு மவுசு குறையத் தொடங்கிய நேரம்.

இரண்டாவது, ஆடக் கிடைக்கும் நிமிடங்கள். சத்னாம் துணை லீக்குக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அதிக நேரம் பெஞ்சில்தான். செர்பியாவின் நிகோலா யோகிச் கதை வேறு. 2014-ல் 41-வது ஆளாகத் தேர்வானவர். பெரிய வேகம் கிடையாது, உயரத் தாவவும் மாட்டார். தேர்வானதும் அமெரிக்காவுக்கு ஓடாமல், இன்னும் ஓராண்டு சொந்த ஊர் லீக்கிலேயே ஆடினார். அங்கே அவரை நம்பித்தான் அணி. பாஸ் கொடுப்பதில் மன்னனாகிவிட்டுத்தான் டென்வருக்கு வந்தார். 2023-ல் அந்த அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது, உடம்பு. 2007-ல் முதல் ஆளாகத் தேர்வான கிரெக் ஓடனை முழங்கால் படுத்தி எடுத்தது. மொத்தமே 105 மேட்சுகள். அதே வருடம் இரண்டாவதாகத் தேர்வான கெவின் டுரான்ட் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார். ஓடன் செய்த தவறு எதுவும் இல்லை.

முழங்கால் யார் கையிலும் இல்லை. ஆனால் மற்ற இரண்டுக்கும் விதை பள்ளி மைதானத்திலேயே விழுகிறது. எதிரே நிற்பவன் தோளுக்குத்தான் வருகிறான் என்றால், உயரமான பையன் கையைத் தூக்கினாலே போதும், பாயின்ட்! 'அதான் ஜெயிக்கிறானே' என்று காலசைவையும் பாஸையும் கற்றுத்தர யாருக்கும் தோன்றுவதில்லை. பெரிய லீக்கில் எல்லோருமே உயரம். அங்கே போன பிறகுதான் கற்காமல் விட்டதெல்லாம் தெரியவரும்.

பாட்டோ, கணக்கோ, பந்தோ... உங்கள் வீட்டுப் பிள்ளை 'பிறவித் திறமைசாலி' என்று பெயர் வாங்கினால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். அடுத்த முறை மாஸ்டரைப் பார்க்கும்போது, "என் பிள்ளைக்கு இன்னும் என்ன வரலை சார்?" என்றும் கேட்டுவிடுங்கள்.