கல்லறைக்கு ஒரு க்ளிக்!

"ஞாயித்துக்கிழமை காலங்காத்தால எங்கடா கிளம்பிட்ட?"

"கல்லறைத் தோட்டத்துக்கும்மா."

அடுத்த செகண்ட் என் நெத்தி முழுக்க விபூதி. திருத்தணிக்காரங்க வீட்ல விபூதிக்கா பஞ்சம்!

மேட்டர் இதுதான் மக்களே. வெளிநாட்ல இருக்கிற நிறைய பேர் தாத்தாவோட தாத்தா எங்கே புதைக்கப்பட்டார்னு நெட்ல தேடிட்டு இருக்காங்க. 'ஃபைண்ட் எ கிரேவ்' மாதிரி சைட்கள்ல, "இந்த ஊர்ல, இந்தப் பேர்ல ஒரு கல் இருக்கா? போட்டோ ப்ளீஸ்"னு கேட்டு வைப்பாங்க. பக்கத்துல இருக்கிற வாலன்டியர் தேடிப் போய் எடுத்து ஏத்தணும். சம்பளம் கிடையாது. பெட்ரோலும் நம்ம காசுதான்.

எனக்கு வந்த முதல் கோரிக்கை, ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மாவோடது. 1856-ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் ரயில் ஓடுச்சே, அந்தப் பாதையிலதான் எங்க பக்கத்து ஊர் அரக்கோணம். ரயில் வேலைக்கு வந்து செட்டில் ஆன குடும்பங்கள்ல பல பேர் சுதந்திரத்துக்கு அப்புறம் கப்பல் ஏறிட்டாங்க. பெட்டி படுக்கையெல்லாம் கூடப் போச்சு. கல்லறை மட்டும் இங்கேயே நின்னுடுச்சு.

நானும் என் ஃப்ரெண்டும் முள்ளுச் செடிக்குள்ள மூணு மணி நேரம் தேடினோம். வாட்ச்மேன் தாத்தா கூடவே வந்தார். "ஃபாரின்காரங்க எவ்வளவு தர்றாங்க தம்பி?" "ஒண்ணுமில்ல தாத்தா." "அப்புறம் எதுக்கு இந்த வேலை?" எனக்குப் பதில் தெரியல.

ஒருவழியா கல் கிடைச்சுது. ஆனா எழுத்து? உச்சி வெயில்ல வெறும் சொரசொரப்பு மட்டும்தான் தெரியுது. ஃப்ரெண்ட் சாக்பீஸை எடுத்தான். கையைத் தட்டி விட்டேன். சாக்பீஸ், ஷேவிங் க்ரீம், கம்பி பிரஷ், மூணுமே பழைய கல்லுக்கு எமன். தாத்தாகிட்ட ஷேவிங் கண்ணாடியைக் கடன் வாங்கி, பக்கவாட்டுல இருந்து வெளிச்சத்தை அடிச்சோம். பள்ளத்துல நிழல் விழுந்து, ஒவ்வொரு எழுத்தா எழும்பி வந்துச்சு பாருங்க! நாலு செமஸ்டர்ல எந்த லேப்லயும் எனக்கு இப்படிப் புல்லரிச்சதில்ல.

எட்டு மாசக் குழந்தையோட கல் அது.

கல் கிடைச்சா ஆள் அடியிலதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சென்னை கோட்டைக்குள்ள 1680-ல திறந்த செயின்ட் மேரீஸ் சர்ச்சுக்குப் போய்ப் பாருங்க. சர்ச்சைச் சுத்தி தரை முழுக்க கல்லறைக் கல். 1652-ல இறந்த எலிசபெத் பேக்கரோட கல்லும் அதுல ஒண்ணு. ஆனா இந்தப் பழைய கல்லெல்லாம் முதல்ல இருந்தது இப்ப லா காலேஜ் கட்டடம் நிக்கிற இடத்துல. 1758-59 முற்றுகையில பிரெஞ்சுக்காரங்க அங்க இருந்த உயரமான கல்லறைகளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு கோட்டையைச் சுட்டாங்க. சண்டை முடிஞ்சதும் வெள்ளைக்காரங்க அந்த மறைவிடங்களை இடிச்சுட்டு, கல்லை மட்டும் சர்ச்சுக்குக் கொண்டு வந்துட்டாங்க. ஆக, கல் இங்க, ஆள் அங்க! ஜூலியன் ஜேம்ஸ் காட்டன்னு ஒரு அதிகாரி மெட்ராஸ் மாகாணம் பூராவும் இருந்த இந்த வாசகங்களைத் தொகுத்து 1905-ல புத்தகமாவே போட்டுட்டார். கேமராவை நம்பாத காலத்து வாலன்டியர்னு வெச்சுக்கலாம்.

எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து போட்டோவைக் காட்டிட்டு இருந்தேன். திண்ணையில இருந்த ஆயா (எங்க பக்கம் பாட்டிக்கு ஆயான்னுதான் பேர்) கேட்டுச்சு: "எத்தினி மாசக் கொழந்த அது?"

"எட்டு மாசம் ஆயா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "எனக்கும் ஒண்ணு இருந்துச்சுடா. உங்கப்பனுக்கு முன்னாடி" அப்படின்னுச்சு.

எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன், அப்பா முகத்துலயும் புதுசாக் கேக்குற மாதிரிதான் இருந்துச்சு. சின்னக் குழந்தைகளை எரிக்க மாட்டாங்க. ஊருக்கு வெளிய ஒரு புளியமரத்தடியில புதைச்சாங்களாம். இப்ப அங்க மரமும் இல்ல, ரோடு போகுது. "நமக்கு யாரு கல்லு நடுவா?"ன்னு சொல்லிட்டே உள்ள போய், பழைய டிரங்குப் பெட்டியில இருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துட்டு வந்துச்சு. தாய்மாமன் சீர். புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருந்துச்சு, 1959-ன்னு வருஷத்தோட. பேர் தெலுங்குல. அப்ப திருத்தணி ஆந்திராவுல இருந்துச்சு, 1960 ஏப்ரல் 1-லதான் இந்தப் பக்கம் வந்தோம். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. ஆயாவே விரலை வெச்சுத் தடவி வாசிச்சுச்சு. அந்தப் பேரை இங்க எழுதப் போறதில்ல.

பித்தளை தேய்ஞ்சு போய் எழுத்து சரியா விழல. அப்பா எழுந்து போய் ஷேவிங் கண்ணாடியை எடுத்துட்டு வந்து பக்கவாட்டுல பிடிச்சார்.

ஆஸ்திரேலியா போட்டோவை அன்னிக்கு ராத்திரியே ஏத்திட்டேன். சொம்பு போட்டோவை மட்டும் எங்கயும் ஏத்தல. பிரிண்ட் போட்டு ஆயாகிட்ட குடுத்தேன். தலகாணிக்கு அடியில வெச்சிருக்கு.