கசக்கும் கறிக்கு ஒரு பழப்பாகு

நைனார்பாளையம் வட்டாரத்து வீடுகள் பலவற்றில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் முதலில் நிறுத்தப்படுவது கறியே. மருத்துவர் விலக்கச் சொன்னாரா என்று வினவினால், 'கவுச்சி ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மருத்துவர் விதித்த பத்தியம் வேறு; நாமே விதித்துக்கொண்ட பத்தியம் வேறு. அறுவைச் சிகிச்சைப் புண் ஆறுவதற்கும் கரைந்த தசை மீள்வதற்கும் புரதம் இன்றியமையாதது. காரணமின்றிக் கறியையும் முட்டையையும் விலக்குவது நோயாளிக்குச் செய்யும் நன்மையன்று என்பது எம் கருத்து.

நோயாளியே மறுப்பதும் உண்டு. புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையாலும், தலை, கழுத்துப் பகுதிகளில் பெறும் கதிர்வீச்சாலும் நாச்சுவை மாறிவிடுகிறது. பிற உணவுகளைவிடக் கறியே மிகுதியாகக் கசக்கும். இரும்பை நக்கியது போலிருக்கும். அது பிடிவாதமன்று. இந்நிலையில் இனிப்பும் புளிப்பும் கலந்த பழப்பாகு ஒன்றைக் கறியின்மேல் பூசிக் கொடுத்தால் கசப்பு ஓரளவு மறையும்.

மேலைநாட்டார் பன்றியிறைச்சிக்கு அன்னாசியையும் வாத்துக்கறிக்கு ஆரஞ்சையும் இவ்வாறு சேர்ப்பர். நமக்கு அது அயலான வழக்கமன்று. புளியும் ஒரு பழந்தானே! கல்வராயன் மலைப் புளியும் கரும்பு வெல்லமும் நம் அடுப்படியிலேயே உள்ளன.

கனிந்த மாம்பழம் ஒன்றின் சதையை மசித்து, நெல்லிக்காயளவு புளியின் கரைசல், சிறிது இஞ்சிச்சாறு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இளந்தீயில் கிளறவேண்டும். கரண்டியின் முதுகில் வழியாமல் படியும் பதமே போதும், கம்பிப்பதம் வேண்டா. பழம் புளித்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி வெல்லம் சேர்க்கலாம். மாம்பழம் கிடைக்காத மாதங்களில் அன்னாசி உதவும். கால் கிலோ கோழிக்கறியை முன்னரே முழுமையாக வேகவைத்து, இறுதி இரண்டு மூன்று நிமிடங்களில் மட்டுமே பாகில் புரட்டவேண்டும். தொடக்கத்திலேயே சேர்த்தால் சர்க்கரை கருகிக் கசக்கும். கசப்பை நீக்க வந்த பாகே கசந்து என்ன பயன்?

இனி, எம்மை மிகவும் கவலையுறச் செய்யும் செய்தி. வெல்லமும் மலைத்தேனும் இயற்கையானவை, ஆதலால் இரத்தச் சர்க்கரையை உயர்த்தா என்று நம்புவோர் பலர். அந்நம்பிக்கை தவறு. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே, தேனும் அவ்வாறே. நீரிழிவு உள்ளவர் வெல்லத்தை அறவே தவிர்த்து, பழத்தின் அளவையும் அன்றைய சோற்றின் அளவையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். கடையில் விற்கும் புட்டிச் சாறுகளில் சர்க்கரையோடு உப்பும் மிகுதி. சிறுநீரக நோயாளிகளுக்குப் புளியிலும் மாம்பழத்திலும் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம். அவர்கள் மருத்துவரையோ உணவியல் வல்லுநரையோ கேளாமல் இதனைத் தொடுதல் கூடாது. தம்பரத்தம் பழம் அவர்களுக்கு நஞ்சுக்கு ஒப்பானது. வாய்ப்புண் உள்ளவர்க்குப் புளியும் அன்னாசியும் மிளகும் எரிச்சல் தரும். பப்பாளி மசியல் மட்டும் போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் கூடாது.

சூடு தணிந்த கறியில் வாடை குறைவு. ஆதலால் ஆவி அடங்கியபின், எவர்சில்வர் கரண்டியை விடுத்து மரக்கரண்டியால், முதல் நாள் இரண்டு துண்டுகள் மட்டும் ஊட்டிப் பாருங்கள்.