ஈ.சி.ஆரை விட்டு ஏரிக்கரைக்கு... சென்னை சைக்கிள் பிரியர்களுக்கு ‘கிராவல்’ பாதைகள் கைகொடுக்குமா?

‘கிராவல்’ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் ஞாபகம் வருவது டிப்பர் லாரியும் மண் கடத்தல் செய்திகளும்தான். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கோ அது வேறு விஷயம். தார் போடாத செம்மண் சாலை, ஏரிக்கரை, கால்வாய்க்கரை என கிராமங்களுக்கு நடுவே போகும் நீண்ட சைக்கிள் பயணத்துக்கு உலகம் முழுக்க ‘கிராவல் பைக்கிங்’ என்றுதான் பெயர்.

சென்னையில் வார இறுதி என்றால் சைக்கிள்கள் போகிற இடம் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈ.சி.ஆர். அங்கே இப்போது என்ன சிக்கல்? மாற்றுப் பாதைகள் எங்கே இருக்கின்றன? பார்க்கலாம்.

ஈ.சி.ஆரில் என்ன பிரச்னை?

மீனவ கிராமங்களை இணைத்த சிறு சாலைகளைச் சேர்த்து, அகலப்படுத்தி உருவானதுதான் ஈ.சி.ஆர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 55 கி.மீ. மேடு பள்ளம் கிடையாது, கடற்காற்று உண்டு, வழியெங்கும் டீக்கடை. அதனாலேயே அதிகாலையில் இங்கே நூற்றுக்கணக்கில் சைக்கிள்களைப் பார்க்கலாம். மு.க.ஸ்டாலின் 2021-ல் முதலமைச்சராக இருந்தபோது இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிய வீடியோக்களும் வைரலாகின.

ஆனால் அதே நேரத்தில்தான் ரிசார்ட்டில் இருந்து திரும்பும் கார்களும், ரேஸ் விடும் பைக்குகளும் இங்கே பறக்கின்றன. கார் மோதி சைக்கிள் ஓட்டியவர் உயிரிழந்த சம்பவங்கள் இந்தச் சாலையில் நடந்திருக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள்.

சாலையும் மாறிக்கொண்டிருக்கிறது. திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை சுமார் 2,100 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை அமைக்கப்படும் என 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரையிலான பகுதி தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகி, நான்கு வழிச்சாலையாக விரிவாகிறது. சாலை அகலமானால் நெரிசல் குறையலாம். ஆனால் வேகம் கூடும். தனிப்பாதை இல்லாத சைக்கிளுக்கு, ஓரமாகப் போனாலும் ஆபத்து அதிகம்.

கிராவல் பைக் அப்படின்னா என்ன?

பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். வித்தியாசம் டயரில்தான். ரேஸ் சைக்கிள் டயரின் அகலம் 25 முதல் 32 மில்லிமீட்டர். கிராவல் பைக்கில் அது 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். காற்றும் குறைவாகத்தான் அடிப்பார்கள். அதனால் கல், குழி, மண் எல்லாவற்றிலும் டயர் அமுங்கிக் கொடுத்துப் போகும்.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் 2006-ல் தொடங்கிய மண்சாலைப் போட்டி, இந்த வகை சைக்கிளுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 2022-ல் இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

இதற்காகப் புது சைக்கிள் வாங்கியே ஆகணுமா? அவசியம் இல்லை. நம்மூர் பால்காரர்கள் ஓட்டிய பழைய 28 இன்ச் சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை இன்ச், அதாவது சுமார் 38 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட கிராவல் டயரின் அளவு! தாத்தா காலத்து சைக்கிள் மண்சாலைக்காகவே செய்யப்பட்டதுதான். கியர் உள்ள சாதாரண ஹைபிரிட் சைக்கிளே தொடங்குவதற்குப் போதும்.

பாதைகள் எங்கே இருக்கு?

*ஏரிக்கரைகள்:* தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிக்கு ‘ஏரி மாவட்டம்’ என்றே பெயர். மதுராந்தகம், வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் ஊருக்கு ஊர் ஏரி, ஏரிக்கு ஏரி கரை. கரைகளையும் கிராமச் சாலைகளையும் இணைத்தாலே நாள் முழுக்க ஓட்டலாம். சரணாலயங்களுக்குள் மட்டும் வனத்துறை விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

*பக்கிங்காம் கால்வாய்:* 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய்ப் பணி, பிறகு தெற்கே மரக்காணம் வரை நீண்டது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக ஆயிரக்கணக்கானோர் இதை வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கும் வந்தது. கரையில் நடந்தபடி கயிறு கட்டி ஆட்கள் படகு இழுத்த கால்வாய் இது. அந்த நடைபாதை இன்று பல இடங்களில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

*பாலாற்றுக்குத் தெற்கே:* கூவத்தூர், செய்யூர், ஓதியூர் காயல், இடைக்கழிநாட்டின் தென்னந்தோப்புகள், கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளங்கள் என ஈ.சி.ஆரின் இரு பக்கமும் கிளைச் சாலைகள் பிரிகின்றன. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கழுவெளியும் இங்கேதான். கடற்கரை மணலில் மட்டும் சைக்கிளை இறக்கக் கூடாது. டயர் புதைந்துவிடும்.

எப்போ போகலாம், என்ன கவனிக்கணும்?

ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரைக் களிமண் வழுக்கும், கலங்கல் நிரம்பி வழியும். ஏப்ரலுக்குப் பிறகு காலை 8 மணிக்கே வெயில் கொளுத்தும்.

பெரிய எதிரி சீமைக்கருவேல முள். பஞ்சர் பசை ஊற்றிய ட்யூப்லெஸ் டயர், அது இல்லாவிட்டால் இரண்டு மாற்று ட்யூப் அவசியம். குவாரி லாரிகள் ஓடும் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது. கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதியில் குறுக்குப் பாதை தேடக் கூடாது. பிரதான சாலையிலேயே கடந்துவிட வேண்டும்.

அறுவடை நேரத்தில் கிராமச் சாலைகளில் நெல் காயும். அதன்மேல் ஓட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

இந்தப் பாதைகள் யாருடையவை?

இங்கேதான் முக்கியமான கேள்வி இருக்கிறது. 100 ஏக்கருக்கும் அதிகமான பாசனப் பரப்புள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், மற்றவை ஊரக உள்ளாட்சிகளிடமும் உள்ளன. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. ஆனால் அது மாநகராட்சியோடு நின்றுவிடுகிறது. நகரம் முடிந்து ஏரி தொடங்கும் இடத்தில் சைக்கிளைப் பற்றி யோசிக்க ஒரு துறை இல்லை.

அந்தக் கரைகளில் ஏற்கெனவே தினமும் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உப்பளத் தொழிலாளர்கள், பால் ஊற்றப் போகிறவர்கள், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவிகள். இவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. நான்கு வழிச்சாலையைத் தவிர்த்து உயிரோடு வீடு திரும்பும் வழி.

கரையைப் பலப்படுத்தும்போது மேலே பாதை விடுவது, மதகு, கலங்கல் உள்ள இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கச் சிறு பாலம் போடுவது, ஊர்ப்பெயர்ப் பலகை வைப்பது, ஆக்கிரமிப்புகளை எடுப்பது. உயர்மட்டச் சாலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறிய வேலைகள். பலன் மட்டும் வார இறுதி ரைடர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் சேர்த்தே கிடைக்கும்.

கரை போனால் என்ன ஆகும்?

அதைத் தெரிந்துகொள்ள செங்கல்பட்டு வரை போக வேண்டாம். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஈக்காட்டுத்தாங்கல் என்ற பெயரில் ஏரி இருக்கிறது, ஊரில் இன்று கண்ணில் படுவது மெட்ரோ தூண்களும் அலுவலகக் கட்டடங்களும். தி.நகர், 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பகுதி. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ உண்டு, பார்க்க ஏரிதான் இல்லை.

ஏரி போனபோது கரையும் போனது, கரைமேல் இருந்த பாதையும் போனது. சென்னை இப்போது தெற்கே வேகமாக வளர்கிறது. செங்கல்பட்டின் கரைகளைப் பாதையாகப் பதிவு செய்து காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. மனைப்பிரிவுகள் வந்த பிறகு அந்த வாய்ப்பு இருக்காது.