சாவி யார் வீட்டில் இருக்கிறது?

ராசிபுரம் பக்கம் ஒரு ஊராட்சி. கட்டிடத்தின் நெற்றியில் 'நூலகம்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே மக்காச்சோள மூட்டைகள். சாவி கேட்டோம். "பெரிய வீட்டுல இருக்குதுங்க, அவங்க தோட்டத்துக்குப் போயிட்டாங்க" என்றார்கள். மறுநாள் போனோம். அன்றும் தோட்டத்தில்தான் இருந்தார்கள். அதே ஊர்க் காலனியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மூன்று பெண்கள் தினமும் பேருந்து ஏறி ராசிபுரம் நூலகத்துக்குப் போய் வருகிறார்கள். இந்தக் கட்டிடம் அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

அந்தக் காலனி மக்கள் கொடுத்த மனுவுக்கு வந்த பதில்: "புதிய கட்டிடம் கட்ட நிதி இல்லை." புதிய கட்டிடம் யார் கேட்டது?

ஊராட்சிகளில் கட்டிடத்துக்குப் பஞ்சமே இல்லை, தோழர்களே. முதலில் ரேடியோ ரூம், பிறகு டிவி ரூம். 2006-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்ததும் டிவி ரூமுக்கு வேலை போனது. அதே ஆண்டு தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் வந்தது. பிறகு நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிராம சேவை மையம் வந்தது. மகளிர் குழுக் கட்டிடம் தனி. நாங்கள் போன ஊராட்சிகளில் இவற்றில் ஒன்றாவது பூட்டிக் கிடக்கிறது. பெரும்பாலும் அது ஊருக்குள் இருக்கிறது, காலனிக்குள் இல்லை. பூட்டுக்கான காரணத்தை அங்கே தேட வேண்டும், நிதியில் அல்ல.

அரசுக்கு மனம் வந்தால் எந்தக் கட்டிடமும் எதுவாகவும் மாறும். ஓமந்தூரார் வளாகத்தில் 2010 மார்ச்சில் சட்டமன்றமாகத் திறந்த கட்டிடம் 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. பழிவாங்கும் அரசியல் என்றார்கள். இருக்கட்டும், நோயாளிகளுக்குப் படுக்கை கிடைத்தது. நாமக்கல்லில் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகி, அங்கே நூலகம் நடக்கிறது. லண்டனில் அண்ணல் அம்பேத்கர் தங்கிப் படித்த வீட்டை 2015-இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவகமாக்கியது. குடியிருப்பு வீட்டை அப்படி மாற்றக் கூடாது என்று கேம்டன் நகராட்சி மறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2020 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. லண்டனிலேயே போராடித்தான் கதவைத் திறந்திருக்கிறோம் என்றால், ராசிபுரம் எம்மாத்திரம்?

இங்கே நம் தோழர்கள் சிலரோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. "ஊர்க் கட்டிடம் எதற்கு, காலனிக்குள்ளேயே தனியாக ஒரு சமுதாயக் கூடம் வாங்கிவிடலாம்" என்கிறார்கள். வலி புரிகிறது. கல்யாணம் வைக்க இடமில்லாமல் தெருவில் பந்தல் போட்ட குடும்பங்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். கூடம் தேவைப்படும் இடத்தில் கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆனால் தனிக் கூடம், தனிச் சுடுகாடு, தனித் தொட்டி என்று வாங்கிக்கொண்டே போனால் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நிம்மதி வேறு இல்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். நூலகச் சாவியும் அங்கிருந்து இங்கே வரட்டும்.

"கட்டிடம் பழுதாகிவிட்டது, இடிக்கத்தான் வேண்டும்" என்பது அடுத்த சாக்கு. இதில் மட்டும் கவனம் வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். தூணில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தால் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை கேளுங்கள். ஆனால் மேல்தளம் ஒழுகுவது, பூச்சு உதிர்வது, ஒயரிங் போனது, கழிவறை இல்லாதது இவையெல்லாம் இடிப்பதற்குக் காரணம் ஆகாது. தளத்துக்கு மேல் ஓடு பதித்து, ஒயர் மாற்றி, சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வைத்து, பெண்களுக்குக் கழிவறை கட்டினால் நூலகம் தயார். இந்த வேலையைச் செய்யத் தெரிந்த கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வீட்டையெல்லாம் கட்டியவர்களும் அவர்கள்தான்.

பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம், பொது இடம் எதிலும் நம்மைத் தடுக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். இன்று பொது இடத்தில் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(za) பிரிவின் கீழ் குற்றம். பூட்டு போட்டு, சாவியை ஒரு சாதியின் வீட்டில் வைத்திருப்பதும் தடுப்புதான் என்று நாங்கள் வாதிடுகிறோம். வழக்குக்கு முன்னால் ஆவணம் வேண்டும்.

2025 ஜனவரியில் நம் இரு மாவட்டங்களிலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிருக்கிறது. "தலைவர் வீட்டில் சாவி" என்று இனி அவர்கள் சொல்ல முடியாது. ஆகவே பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டு நகல், ஒவ்வொரு கட்டிடமும் எந்த ஆண்டு, எந்த நிதியில் கட்டப்பட்டது, கடைசியாக எப்போது பராமரிப்புச் செலவு எழுதப்பட்டது, சாவி யார் பொறுப்பில் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பதிலை எடுத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், காலனிப் பெண்களோடு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். மூட்டைகளை எடுக்க ஒரு தேதியும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.